பையனுக்கு சால்மோனெல்லா: தோட்டத்துக் கோழிகளை விற்றுவிட வேண்டுமா?

கேட்கப்பட்டது இதுதான். கோடை விடுமுறைக்குக் காங்கேயம் பக்கம் அம்மிச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) தோட்டத்துக்குப் போய்வந்த நான்கு வயதுப் பையனுக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. மலத்தைக் கல்ச்சர் போட்டு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்த்ததில் சால்மோனெல்லா என்று வந்திருக்கிறது. டைபாய்டு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "டவுனில் வாங்கித் தின்ற பிராய்லர் கறிதான் காரணம்" என்கிறார் அம்மிச்சி. "தோட்டத்தில் கோழிக்குஞ்சோடு புரண்டதுதான் காரணம்" என்கிறார் பையனின் அப்பா. நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா கேட்கிறார்: கோழிகளை விற்றுவிடச் சொல்லலாமா? இனிமேல் முட்டை, கறி எல்லாம் பையனுக்குக் கொடுக்கலாமா?

விற்க வேண்டியதில்லை. முட்டையும் கறியும் தாராளமாகக் கொடுக்கலாம். அம்மிச்சி சொல்வதும் நடந்திருக்கலாம், அப்பா சொல்வதும் நடந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேருமே "எந்தக் கோழி" என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கோழிக்கும் பையனின் வாய்க்கும் இடையில் என்ன நடந்தது என்பதை. நான் கால்நடை மருத்துவன்; நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில்தான் என் பிழைப்பு. பையனின் வைத்தியம் அவனுடைய டாக்டர் கையில் இருக்கட்டும், கோழிப் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன்.

முதலில் இந்த டைபாய்டு குழப்பம். சால்மோனெல்லா என்பது ஒரே கிருமி இல்லை, பெரிய கூட்டம். 1885இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்பவர் பன்றியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அவருடைய மேலதிகாரியாக இருந்த கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனின் பெயர் பிற்பாடு அதற்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை 2,500க்கும் அதிகமான வகைகளைப் பிரித்தறிந்திருக்கிறார்கள். அதில் டைபாய்டைத் தரும் சால்மோனெல்லா டைஃபி மனித உடம்பில் மட்டும் குடியிருப்பது. கோழிக்கு அது வராது, கோழியிடமிருந்து நமக்கும் வராது. மனித மலம் கலந்த தண்ணீர், கிருமியைச் சுமந்துகொண்டு சமைக்கிறவரின் கை, இவைதான் அதன் பாதை. "டைபாய்டு வந்த வீடு, கோழி முட்டையே ஆகாது" என்று ஊரில் சொல்வதற்கு இந்த வகையில் எந்த ஆதாரமும் இல்லை. காய்ச்சல் நேரத்தில் செரிக்காது என்று டாக்டர் நிறுத்தச் சொன்னால் அது வேறு விஷயம்.

இதோடு, டைபாய்டா என்று ரத்தத்தில் பார்க்கும் விடால் பரிசோதனை வேறு. கோழி வழியாக நமக்கு அதிகம் வரும் என்டெரைடிடிஸ் என்ற வகையும் டைஃபியும் மேலுறையின் சில கூறுகளைப் பகிர்ந்துகொள்பவை. அதனால் ஒன்று வந்தவரின் ரத்தத்தில் இன்னொன்றுக்கான விடாலும் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். உங்கள் டாக்டர் விடாலோடு நிற்காமல் மலக் கல்ச்சர் போட்டது நல்ல காரியம்.

அடுத்தது பண்ணைக்காரர்களே குழம்பும் இடம். "பண்ணையில் சால்மோனெல்லா அடித்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அவர் பெரும்பாலும் சொல்வது காலினேரம் என்ற வகையை. கோழி டைபாய்டு என்று அதற்குப் பெயர். கொண்டை வெளுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கோழி மூலையில் நிற்கும். எச்சம் பச்சையும் மஞ்சளுமாகப் போகும். செத்த கோழியை அறுத்தால் ஈரல் வீங்கி, வெண்கலப் பாத்திரம் மாதிரி ஒரு மினுமினுப்போடு இருக்கும். அதன் சகோதரன் புல்லோரம், குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்வது. பண்ணைக்காரரின் முதலுக்கே வேட்டு வைக்கும் இந்த இரண்டும் மனிதனுக்கு நோய் தருவது மிக அபூர்வம். நம்மைப் படுக்கவைக்கும் என்டெரைடிடிஸும் டைஃபிமூரியமும் வளர்ந்த கோழியை அநேகமாக ஒன்றுமே செய்யாது. அந்தக் கோழி நன்றாகத் தீவனம் எடுக்கும், நன்றாக முட்டையிடும், கண்ணும் கொண்டையும் தெளிவாக இருக்கும். குடலின் கடைசியில் இருக்கும் இரட்டைப் பைகளில் கிருமி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

அம்மிச்சி, "எங்கள் கோழி ஒன்றுக்கும் சீக்கு இல்லையே" என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதேபோல போன வருசம் தோட்டத்தில் கோழிகள் வரிசையாகச் செத்தன என்பதும் இதற்குச் சாட்சியாகாது. அது பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சலாக இருக்கும், அது வைரஸ், ராணிக்கெட் தடுப்பூசி போட வேண்டிய நோய்.

கோழி நோயைத் துரத்தப் போய் மனித நோய் உள்ளே வந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ரத்தப் பரிசோதனை செய்து, நோய்பட்ட கோழிகளைக் கழித்துக் கழித்து, புல்லோரத்தையும் காலினேரத்தையும் பெரிய பண்ணைகளிலிருந்து கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். பிறகு 1980களில் என்டெரைடிடிஸ் முட்டை வழியாகப் பரவத் தொடங்கியது. பழைய கிருமிகள் காலி செய்த இடத்தில்தான் புதியது குடியேறியது என்று சில ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். மேலுறை ஒன்றுபோல இருப்பதால், முன்பு கோழிக்கு இருந்த எதிர்ப்பும் போய்விட்டது என்பது அவர்கள் வாதம். பிரிட்டனில் 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மோனெல்லா இருக்கிறது என்று சொல்லப்போக, முட்டை விற்பனை படுத்துவிட்டது. இரண்டே வாரத்தில் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அப்புறம் அங்கே முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, பண்ணைகளைக் கண்காணித்து, 2017இல்தான் அந்தத் திட்டத்தில் சேர்ந்த பண்ணை முட்டைகளைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அறிவித்தார்கள். இந்த அறிவிப்பைப் படித்துவிட்டு "வெளிநாட்டில் பச்சை முட்டையே குடிக்கிறார்கள்" என்று நம் ஊர் முட்டையைக் குடிக்கக் கூடாது. அது அந்தப் பண்ணை, அந்தத் தடுப்பூசி, அந்தக் குளிர்ச்சியான கடை எல்லாம் சேர்ந்த கணக்கு.

முட்டைக்குள் கிருமி போவதற்கு வழி இரண்டு. கோழியின் சினைப்பையிலோ முட்டைக்குழாயிலோ கிருமி இருந்தால் ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடும். இது குறைவு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் 20,000 முட்டைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டார்கள். இன்னொன்று, எச்சம் ஒட்டிய ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியிலிருந்து புகுவது. முட்டை இட்டவுடன் அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். துளைகளை அடைத்து வைப்பது அதுதான். வீட்டு முட்டை அழுக்காக இருக்கிறது என்று கூடையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கழுவி அடுக்கி வைப்பவர்கள் அந்தப் பூச்சையும் கழுவிவிடுகிறார்கள். போதாததற்கு, சூடாக இருக்கும் முட்டை குளிர்ந்த தண்ணீரில் விழும்போது உள்ளே இருப்பது சுருங்கி, அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உள்ளே இழுக்கும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் உடைக்கப்போகும் நேரத்தில் கழுவுங்கள். விரிசல் விட்ட முட்டையை ஆம்லெட்டுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதைத்தான் சொல்லும், சால்மோனெல்லாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் வயதும் முக்கியம்தான். வெள்ளைக்கரு கிருமியை வளர விடாது, அதில் அதற்கான சத்து பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நாளாக ஆக, அதுவும் சித்திரை வெயிலில், மஞ்சள்கருவைச் சுற்றிய சவ்வு தளர்ந்துபோகும். மஞ்சள்கருவின் சத்து வெளியே கசியும். அதன்பிறகு உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நாமக்கல்லில் இன்று காலையில் லாரி ஏறிய முட்டை ஒன்றும், மளிகைக் கடை வாசலில் வெயில் படும் இடத்தில் இரண்டு வாரமாக அட்டையில் அடுக்கியிருக்கும் முட்டை ஒன்றும் ஒரே பண்ணையிலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. வேகமாக விற்றுத் தீரும் கடையில் வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே சால்மோனெல்லா வளராது. சாகவும் சாகாது, அதையும் நினைவில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்த கறிக்கும் இதே கதைதான்.

இப்போது கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை முன்னால் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். கூண்டுக்குள் கையை விட்டு இறக்கையோடு சேர்த்து ஒரு கோழியை எடுத்து எடை போடுகிறார். கழுத்தை அறுத்து டிரம்மில் போடுகிறார். துடிப்பு அடங்கியதும் வெளியே எடுத்து, "தோலோடங்களா, உரிச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே காலருகே கீறி முழுத் தோலையும் ஒரே இழுப்பில் உருவுகிறார். வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுக்கிறார். இந்த இடத்தில்தான் கிருமிக்கு வாசல் திறக்கிறது. குடல் கொஞ்சம் கிழிந்தாலும் உள்ளே இருந்தது கறிமேல் படும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, புளியமரக் கட்டையில் வைத்து வெட்டுகிறார். அடுத்தவர் கோழிக்கும் அதே கட்டை, அதே கத்தி, அதே வாளி. எட்டு மணிக்கு அந்த வாளித் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுத்தமான பண்ணையில் வளர்ந்த கோழிகூட அங்கே வந்து பக்கத்துக் கோழியின் கிருமியை வாங்கிக்கொண்டு உங்கள் பைக்குள் வரும். பண்ணையைவிடக் கறிக்கடைதான் எனக்குப் பெரிய கவலை. குழாய்த் தண்ணீர் ஓடும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால், விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பதும் நல்லதுதான்.

சரி, கறி வீட்டுக்கு வந்துவிட்டது. கொத்தமல்லி, வரமிளகாய், தேங்காய் அரைத்து ஊற்றி அரைமணி நேரம் கொதித்த கோழிக்குழம்பில் சால்மோனெல்லா உயிரோடு இருக்காது. 70 டிகிரி சூடு இரண்டு நிமிடம் உள்ளே வரை எட்டினாலே போதும். நம் குழம்பு அதைத் தாண்டிப் போகிறது. பள்ளிபாளையம் சிக்கனும் அப்படித்தான், சின்னச் சின்னத் துண்டு, சட்டியில் நன்றாக வதங்குவது. கெடுப்பது குழம்புக்கு முன்னால் நடக்கும் வேலை. கடைக்காரர் பெரிதாக வெட்டிய துண்டுகளை அரிவாள்மனையில் மறுபடி நறுக்குகிறோம். அரிவாள்மனையைத் தண்ணீர் காட்டி ஒரு அலசு. அடுத்து அதே அரிவாள்மனையில் தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம். குழம்பு கொதிக்கிறது, பச்சடி கொதிப்பதில்லை. பச்சடி அப்படியே இரண்டு மணி நேரம் மேடையில் காத்திருக்கிறது. மறுநாள் வீட்டில் நாலு பேருக்கு வயிறு போனால் பழி குழம்பின் மேல் விழுகிறது. குலதெய்வக் கோயிலில் சேவல் அறுத்துப் பொங்கல் வைக்கிற நாளில் இது இன்னும் சுலபமாக நடக்கும். தண்ணீர் தட்டுப்பாடு, ஒரே அண்டா, பல கைகள்.

கோழிக்கறியைக் கழுவவே கூடாது என்று மேல்நாட்டு அறிவுரை ஒன்று சுற்றுகிறது. காரணம் சரியானது: குழாய்க்கு அடியில் பிடித்தால் கிருமி கலந்த துளிகள் சுற்றிலும் தெறிக்கும். ஆனால் ரத்தமும் ஓரிரு இறகும் ஒட்டிவரும் நம் ஊர்க் கறியைக் கழுவாமல் சட்டியில் போடுங்கள் என்று எந்த அம்மாவிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, கறியை அதற்குள் அமுக்கி அலசி, தெறிக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். பக்கத்தில் கழுவி வைத்த தட்டு, கொத்தமல்லித்தழை, தக்காளி எதுவும் இருக்கக் கூடாது. காய்கறி வேலையை எல்லாம் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் கறியைத் தொட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முடித்ததும் தொட்டி, குழாய்த் திருகு, அரிவாள்மனை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குழாய்த் திருகைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மஞ்சள்தூள் கவுச்சி வாடைக்கு நல்லது, தடவிக்கொள்ளுங்கள். கிருமி செத்துவிட்டது என்று மட்டும் நம்பாதீர்கள்.

பிராய்லரா நாட்டுக்கோழியா என்ற சண்டைக்கு வருகிறேன். ஹார்மோன் ஊசி என்ற பேச்சை விடுங்கள், ஐந்தாறு வாரத்தில் விற்கிற பறவைக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டுக் கட்டுப்படியாகாது. அது இனத்தின் வளர்ச்சி, தீவனத்தின் வளர்ச்சி. சால்மோனெல்லா விஷயத்தில் இரண்டுக்குமே தனித்தனிப் பலவீனம் உண்டு. பொரிப்பகத்தில் மெஷினில் பொரிக்கும் குஞ்சுக்கு அம்மா கிடையாது. அதன் குடல் முதல் சில நாள் காலி வீடு. முதலில் வரும் கிருமி எதுவோ அது குடியேறிவிடும். வளர்ந்த கோழியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லாவுக்கு இடம் கிடைக்காது என்பதை 1973இல் பின்லாந்தின் நூர்மி காட்டினார். தாய்க்கோழியின் காலடியில் அதன் எச்சத்தையே கொத்தி வளரும் தோட்டத்துக் குஞ்சுக்கு இது இயற்கையாகவே கிடைக்கிறது. அந்த வகையில் அம்மிச்சி பக்கம் ஒரு புள்ளி. ஆனால் அதே நாட்டுக்கோழி குப்பையைக் கிளறும், எலிப் புழுக்கை கலந்த தானியத்தைத் தின்னும், பல்லியைப் பிடிக்கும், சாக்கடைத் தண்ணீரைக் குடிக்கும். பிராய்லர் ஷெட்டில் ஒரு பேட்ச் முழுக்க விற்றபிறகு குப்பையை அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, கொஞ்ச நாள் காலியாகப் போட்டுவிட்டுத்தான் அடுத்த குஞ்சு இறக்குவார்கள். தோட்டத்துக் கோழிப்பட்டிக்கு அந்த ஓய்வு கிடைப்பதே இல்லை. நாட்டுக்கோழி என்பதற்காகக் கிருமி இருக்காது என்று நினைக்க வேண்டாம். ருசி வேறு, அதில் எனக்கும் சண்டை இல்லை.

பல்லி என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு விஷம் கிடையாது, ஆனால் அதன் குடலிலும் சால்மோனெல்லா இருக்கும். பல்லி எச்சம் விழுந்த சாப்பாட்டைக் கொட்டச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆக, கல்ச்சரில் சால்மோனெல்லா என்று வந்தாலே கோழிதான் என்று சாதிக்கவும் முடியாது. எலி, பல்லி, காய்ச்சாத பால், மக்காத கோழி எருவைப் போட்டு வளர்த்த கீரையைப் பச்சையாகத் தின்பது எல்லாமே வழிகள்தான். கோழி பெரிய வழி, அவ்வளவுதான்.

முட்டையில் நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கதி கலக்கி. டம்ளரில் முட்டையை உடைத்து, உப்பு, மிளகு போட்டு, ஒரு கரண்டி குழம்பை ஊற்றி அடித்து, காய்ந்த கல்லில் ஊற்றியதும் மடித்து மடித்து, உள்ளே கொழகொழவென்று இருக்கும்போதே தட்டில் தள்ளுவார்கள். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பரோட்டாக் கடைகளில் இது இல்லாமல் ராத்திரி விடியாது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர், கண்முன்னே உடைத்த புது முட்டையில் போட்ட கலக்கியைச் சாப்பிடுவதை நான் தடுக்கமாட்டேன். ஆபத்து இருக்கிறது, ஆனால் சின்னது. நாலு வயதுப் பையனுக்கும், கர்ப்பிணிக்கும், வயதான அப்புச்சிக்கும் வேண்டாம். ஹாஃப் பாயிலும் அப்படியே. எல்லோருமே ஒதுக்க வேண்டியது, கூட்ட நேரத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று சாயங்காலமே இரண்டு டஜன் முட்டையை ஜக்கில் உடைத்து அடித்து அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கும் கடையை. ஒரு முட்டையில் இருக்கும் கிருமி ஜக்கு முழுக்கப் பரவும். அந்தச் சூட்டில் மணிக்கு மணி பல மடங்கு பெருகும். 1994இல் அமெரிக்காவில், பச்சை முட்டைக் கலவை ஏற்றிய டேங்கர் லாரியைச் சரியாகக் கழுவாமல் ஐஸ்கிரீம் கலவையை ஏற்றியதில் சுமார் 2,24,000 பேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். நம் ஜக்கு சின்னது, நடப்பது அதேதான்.

மயோனைஸும் இதன் இன்னொரு வடிவம். பச்சை முட்டையில் எண்ணெயை விட்டு அடித்தெடுப்பது, அடுப்பைப் பார்ப்பதே இல்லை. புளிப்பு போதுமான அளவு இருந்தால் கிருமி அடங்கும். ருசிக்காகப் புளிப்பைக் குறைத்து, ஷவர்மா அடுப்பின் அனலுக்குப் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து வைத்தால் அடங்காது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது இதற்காகத்தான். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எல்லா ஷவர்மா விபத்தையும் சால்மோனெல்லா கணக்கில் எழுதக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 2022இல் காசர்கோட்டில் நடந்த மரணத்தில் கண்டது ஷிகெல்லா என்ற வேறொரு கிருமி, அது மனிதக் கையிலிருந்து வருவது. பையனுக்கு ஷவர்மா வேண்டாம். அவித்த முட்டை கொடுங்கள். சத்துணவு மையத்தில் கொடுப்பதும் அதுதான். மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வெந்த முட்டையில் பயப்பட ஒன்றும் இல்லை.

குஞ்சு விஷயத்தில் பையனின் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் குஞ்சைக் கையில் எடுத்து, கன்னத்தில் வைத்து, முத்தம் கொடுத்து, அதே கையால் முறுக்கு தின்பது நாலு வயதின் இயல்பு. தேர்த்திருவிழாவில் சாயம் போட்டு விற்கும் வண்ணக் குஞ்சுகள் இதில் இன்னும் மோசம்: கூட்டமாக அடைத்து, பயணம் செய்து, சரியாகத் தீனி இல்லாமல் வரும் குஞ்சு, கிருமியை அதிகமாகக் கழிக்கும். சின்னக் குழந்தைக்குக் குறைவான கிருமியே போதும். பெரியவர்களிலும் வயிற்று அமிலம் குறைந்தவர்கள் இப்படித்தான். தினமும் கேஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் கிருமிக்கான முதல் காவலைத் தாங்களே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தோட்டத்தில் அப்புச்சி அந்த மாத்திரையில் இருந்தால் அவரும் கையைக் கழுவட்டும்.

எனவே அம்மிச்சியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கோழிகள் இருக்கட்டும். ராத்திரி அடைக்கும் பட்டி சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போகட்டும். திண்ணையிலும் அரிசி காயும் பாயிலும் கோழி ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். கோழித்தீனி மூட்டையை எலி தொடாத டிரம்மில் போட்டு மூடட்டும். முட்டையைத் தினமும் எடுக்கட்டும், அடைக்கு வைத்ததில் பொரிக்காமல் மிஞ்சியதைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பட்டியைக் கூட்டும் செருப்பு வீட்டுக்குள் வர வேண்டாம். பையன் கோழியைப் பார்க்கலாம், தீனி தூவலாம்; ஐந்து வயது முடியும்வரை குஞ்சைத் தூக்க வேண்டாம். தூக்கிவிட்டால் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் தின்பண்டம்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை, கோழி மருந்தையும் சேர்த்து. மனிதனுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலக்கும் பழக்கம் இருந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளில் அதைத் தடை செய்தது. கோழிக்கு வேண்டாத இடத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அதற்கு மசியாத சால்மோனெல்லா உருவாகிறது, அது கறியோடு வீட்டுக்கு வருகிறது. தோட்டத்துக் கோழி சோர்ந்து நின்றால் மருந்துக்கடையில் மனித மாத்திரையை வாங்கி உடைத்துத் தண்ணீரில் கலக்கும் வழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

பையனுக்கும் இதே எச்சரிக்கை. சாதாரண சால்மோனெல்லா வயிற்றுப்போக்கு, கிருமி உள்ளே போன 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, நாலு முதல் ஏழு நாளில் தானாக அடங்கும். இந்தக் கணக்கை வைத்து யோசித்தால் அம்மிச்சி - அப்பா வழக்குக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்: காய்ச்சல் தொடங்கிய நேரத்திலிருந்து மூன்று நாள் பின்னால் போய், அவன் எங்கே இருந்தான், என்ன தின்றான் என்று எழுதிப் பாருங்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் தொடங்கியது என்றால் குஞ்சுகளின்மேல் பழி போடுவது கஷ்டம்.

அவனுக்கு வேண்டியது உப்பு சர்க்கரைக் கரைசல், டாக்டர் சொன்ன அளவில் ஜிங்க், வழக்கமான சாப்பாடு. பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் தேவைப்படாது. தேவையில்லாமல் கொடுத்தால் கிருமி குடலில் தங்கும் காலம் நீளவும் கூடும். மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், சிறுநீர் குறைவு, கண் குழிந்து துவண்டு கிடப்பது, தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி, இதில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். வீட்டில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை இருந்து அதற்கும் தொற்றினால் காத்திருக்கவே கூடாது, அந்த வயதில் கிருமி ரத்தத்துக்குள் போகும் ஆபத்து அதிகம்.

போக்கு நின்ற பிறகும் சில வாரங்கள் பையனின் மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும். சின்னக் குழந்தைகளில் இது இன்னும் நீளும். அதனால் அவனைக் கழுவிவிடும் கை உடனே சோப்பைப் பார்க்க வேண்டும், அந்தக் கை நேராகச் சமையலுக்குப் போகக் கூடாது. போக்கு நின்று, நன்றாக விளையாடத் தொடங்கியபின் பால்வாடிக்கு அனுப்பலாம். "எதற்கும் இன்னொரு தடவை கல்ச்சர் போட்டுப் பார்த்துவிடலாம்" என்று நீங்களாக லேபுக்குப் போகாதீர்கள். மறுபடி பாசிட்டிவ் என்றுதான் அநேகமாக வரும், அதைப் பார்த்து யாராவது ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். வீட்டில் யாராவது மெஸ், கேட்டரிங், பள்ளிக்கூடச் சமையல் என்று வேலை பார்த்து, அவருக்கும் வயிறு போயிருந்தால் மட்டும் அவருடைய கல்ச்சரைப் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.